கருங்கடலும் கல்லறையும்: டென்மார்க்கின் அரச வாழ்த்துப் பாடல் ஒரு திறனாய்வு

நாட்டுப்பற்றுப் பாடலை எடைபோடுவது பிற பாடல்களை எடைபோடுவது போன்று எளிதன்று. காதற் பாடலில் சுவை குன்றியிருந்தால் குன்றியது என்று கூறிவிடலாம். இயற்கையைப் பாடும் பாடலில் செயற்கை மிகுந்திருந்தால் அதனையும் சுட்டிக்காட்டலாம். ஆனால் ஒரு நாட்டு மக்கள் எழுந்து நின்று பாடும் பாடலை நாம் ஆராயப் புகும்பொழுது, பாட்டை ஆராய்கின்றோமா அன்றி அம்மக்களின் பற்றையே ஆராய்கின்றோமா என்னும் ஐயம் எழுந்துவிடுகிறது. நம் நாட்டுப் பாடலாயின் அன்பு கண்ணை மறைக்கும். நேற்றைய பகை நாட்டின் பாடலாயின் வெறுப்பு மறைக்கும். ஆதலின் நமக்கு அன்பும் பகையும் இல்லாத தொலைநாட்டின் பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு, நாட்டுப்பற்று கவிதையாவது எங்கே, வெறும் முழக்கமாக நின்றுவிடுவது எங்கே என்று பார்ப்பது பயன் தரும். அத்தகைய பாடல் ஒன்று வடகடல் நாடாகிய டென்மார்க்கில் உள்ளது.

நான்காம் கிறிஸ்டியன் என்னும் மன்னன் உயர்ந்த பாய்மரத்தின் அருகே நின்ற காட்சியோடு தொடங்கும் அப்பாடலை இயற்றியவர் யோஹன்னஸ் எவால்ட். அவர் 1743-இல் கோபன்ஹேகன் நகரில் பிறந்து 1781-இல் அங்கேயே மறைந்தவர். அவர் பாடல் இன்று அந்நாட்டின் அரச வாழ்த்துப் பாடலாக விளங்குகிறது. டென்மார்க்குக்கு இரண்டு நாட்டுப் பாடல்கள் உண்டு. ஒன்று ஏலன்ஷ்லேகர் 1819-இல் எழுதியது. அந்நாட்டின் எழிலைப் பாடுவது. விளையாட்டுக் களங்களிலும் பொதுமக்கள் கூட்டங்களிலும் ஒலிப்பது. மற்றொன்று எவால்டின் இப்பாடல்; அரச குடும்பத்தைச் சார்ந்த விழாக்களிலும் படைத்துறை நிகழ்ச்சிகளிலும் ஒலிப்பது. முன்னது நிலத்தின் பாடல். பின்னது கடலின் பாடல். 'வாழ்க்கைச் சங்கீதம்' வாயிலாக நம்மவர் பலரும் அறிந்த அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோ, 1835-இல் கோபன்ஹேகன் சென்றவர். அவர் இப்பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்தமையால் இது உலகறிந்த பாடலாயிற்று.

பாடல் பிறந்த இடம்

இப்பாடல் தனிப் பாடலாகத் தோன்றியதன்று என்பது முதலில் நினைவிற் கொள்ளத்தக்கது. 'மீனவர்கள்' என்னும் எவால்டின் இசை நாடகத்தில் இடம்பெற்ற பாடல் இது. அந்நாடகம் 1780 சனவரி 31 அன்று கோபன்ஹேகன் அரச நாடக அரங்கில் முதன்முறையாக நடிக்கப்பெற்றது. அதற்கு இசையமைத்தவர் யோஹான் ஹார்ட்மன். நாடகத்தின் கதைக்கு மூலமாக அமைந்தது உண்மையில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி. சீலந்துத் தீவின் வடகரையில் ஹார்ன்பெக் என்னும் மீனவ ஊர் உள்ளது. 1774-இல் அவ்வூரருகே அயல்நாட்டுக் கப்பல் ஒன்று புயலிற் சிக்கிச் சிதைந்தபொழுது, அவ்வூர் மீனவர் தம் உயிரைப் பொருட்படுத்தாது படகேறிச் சென்று உயிர் காத்தனர். அரசர்களும் தேவர்களும் பழங்கதை வீரர்களுமே மேடையை ஆண்ட காலத்தில், வலை வீசி வாழும் எளிய மக்களை நாடகத் தலைவர்களாக்கிய துணிவு எவால்டுக்கு இருந்தது.

எனவே உலகம் இன்று அரசனுடைய பாடலாக எண்ணும் இது, பிறந்தபொழுது மீனவர் நாடகத்தின் பாடலாகவே பிறந்தது. பகைவனைக் கொல்லும் வீரத்தைப் பாடும் பாடல், அயலானைக் காக்கும் வீரத்தைப் போற்றும் நாடகத்தின் நடுவே வைக்கப்பெற்றது. நாடகத்திலிருந்து பிரித்தெடுத்தபின் அதன் பொருள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. மாலையிலிருந்து உதிர்ந்த மலரின் மணத்தை நுகர்வோர், அது எம்மாலையில் இருந்தது என்று கேட்பதில்லை. திறனாய்வாளன் கேட்டே ஆகவேண்டும்.

மூன்று வீரர், மூன்று போர்

பாடல் நான்கு செய்யுட்களால் ஆனது. முதல் மூன்றும் மூன்று வீரர்களைப் பாடுகின்றன. முதலாமவன் நான்காம் கிறிஸ்டியன். 1644 சூலை 1 அன்று கோல்பெர்கர் ஹைடே என்னும் கடற்பகுதியில் சுவீடன் கடற்படையோடு அவன் பொருத போரே முதற் செய்யுளின் களம். புகையும் மூட்டமும் சூழ்ந்திருக்க, மன்னன் பாய்மரத்தருகே நிற்கிறான். அவன் வாள் சம்மட்டியென இறங்குகிறது. பகைவரின் தலைக்கவசங்கள் பிளக்கின்றன. அவர்தம் கப்பல்கள் புகையுள் மறைகின்றன.

இரண்டாம் செய்யுளின் வீரர் நீல்ஸ் யூல். 1677 சூலை 1 அன்று கேகே விரிகுடாவில் சுவீடன் கடற்படையை முறியடித்த கடற்படைத் தலைவர். மூன்றாம் செய்யுள் பீட்டர் வெஸ்ஸல் என்பாரைப் பாடுகிறது. இவர் டென்மார்க்கில் பிறந்தவரல்லர். நார்வேயின் துரோந்தைம் நகரத்தவர். அந்நாளில் இரு நாடுகளும் ஒரே முடியின் கீழ் இருந்தன. மன்னர் அவருக்கு அளித்த சிறப்புப் பெயர் தோர்டன்ஷோல்டு; 'இடிக்கேடயம்' என்பது அதன் பொருள். 1716-இல் டைனகில் என்னும் குறுகிய கடற்கழியுள் துணிந்து நுழைந்து, சுவீடன் படைக்குப் பொருள் கொண்டு சென்ற கப்பல் தொகுதியை அழித்தும் கைப்பற்றியும் மீண்டவர் அவர்.

இம்மூவரையும் பாடுவதில் எவால்ட் கையாளும் உத்தி ஒன்று தமிழ் கற்றோர்க்கு உடனே புலப்படும். வீரனின் சிறப்பைக் கவிஞர் தம் வாயால் உரைப்பதில்லை. அஞ்சி ஓடும் பகைவரின் வாயால் உரைக்கச் செய்கிறார். மூன்று செய்யுட்களும் பகைவர் கூக்குரலிலேயே முடிகின்றன. ஓடுங்கள், இவனை எதிர்த்து நிற்க வல்லார் யார் என்று அவர்கள் அலறுகின்றனர். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியிலும் தோற்றோடும் கலிங்கர் சமண முனிவராகவும் அந்தணராகவும் பாணராகவும் வேடமிட்டு உயிர் தப்புவதைக் காண்கிறோம். அங்கே அச்சம் நகைச்சுவையாகிறது. எவால்டிடம் அச்சம் அச்சமாகவே நிற்கிறது. கருவி ஒன்றே, கை வேறு.

சொல்லமைப்பில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒவ்வொரு செய்யுளிலும் இரண்டாம் அடியாக வரும் சிறு தொடர் ஆறாம் அடியில் மீண்டும் ஒலிக்கிறது. ஆனால் மீண்டும் வரும்பொழுது அதன் பொருள் மாறிவிடுகிறது. இரண்டாம் செய்யுளில், 'இதுவே தருணம்' என்னும் பொருள்படும் தொடர் முதலில் நீல்ஸ் யூலின் உள்ளக் குறிப்பாக வருகிறது. புயலின் முழக்கத்தைச் செவிமடுத்துத் தாக்குவதற்கு இதுவே தருணம் என அவர் கொடியேற்றுகிறார். அதே தொடர் மறுமுறை பகைவர் வாயில் வருகிறது. அவர்களுக்கு அது ஓடுவதற்குத் தருணம்! மூன்றாம் செய்யுளில் முதலில் வீரனின் ஒளிக்கீற்று இருண்ட முகிலைப் பிளக்கிறது. பின்னர்த் தோற்றோரின் அலறல் அதே முகிலைப் பிளக்கிறது. இடியைப் பெயரிலேயே கொண்ட வீரனுக்கு மின்னலைத் துணையாக்கியதும் சுவைக்கத்தக்கது. சொற்சிக்கனம் இது. ஒரே சொல்லை இருமுறை ஆண்டு இரு கப்பல்களையும் நமக்குக் காட்டிவிடுகிறார் கவிஞர்.

கவிஞர் சொல்லாமல் விட்டவை

இதுவரை கூறியன பாடலின் சிறப்புகள். இனி, இம்மூன்று செய்யுட்களில் கவிஞர் எவற்றைச் சொல்லவில்லை என்று பார்ப்போம்.

கோல்பெர்கர் ஹைடே போரில் கிறிஸ்டியன் மன்னனுக்கு வயது அறுபத்தேழு. 'திரித்துவம்' என்று பொருள்படும் பெயர் பூண்ட தன் கப்பலின் மேல்தளத்தில் அவன் நின்றிருந்தபொழுது பகைவரின் குண்டு வீழ்ந்து சிதறியது. சிதறல்கள் பாய்ந்து மன்னன் சாய்ந்தான். அவன் இறந்தான் என்றே அருகிருந்தோர் கலங்கினர். அவனோ எழுந்து நின்று போரைத் தொடர்ந்து நடத்தினான். வலக்கண் பார்வை அன்றோடு போயிற்று. குருதி தோய்ந்த அவனுடைய உடை கோபன்ஹேகனின் ரோசன்போர்க் அரண்மனையில் இன்றும் காக்கப்பெறுகிறது. இந்நிகழ்ச்சியை வில்ஹெல்ம் மார்ஸ்ட்ரான்ட் என்னும் ஓவியர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரோஸ்கில்டே பேராலயத்துச் சுவரிலே தீட்டினார். ஓவியர் புண்பட்ட மன்னனைத் தீட்டினார். கவிஞரோ புண்ணையே சொல்லவில்லை. பாடலில் நிற்கும் கிறிஸ்டியனுக்கு அகவையும் இல்லை, காயமும் இல்லை. ஒற்றைக் கண்ணை இழந்தும் நின்ற கிழவனைவிட, ஊறேதும் படாமல் வாளோங்கும் வீரன் பெரியவன் என்று கவிஞர் எண்ணினார் போலும். இவ்விடத்தில் வரலாறு கவிதையை விஞ்சிவிட்டது என்பதை மறுக்க இயலாது.

போரின் முடிவையும் கவிஞர் கூறவில்லை. பாடலைக் கேட்போர் பகைவரின் கப்பல்கள் யாவும் அன்றே கடலுள் ஆழ்ந்தன என்று எண்ணுவர். உண்மையில் அப்போரில் இரு தரப்பிலும் அறுதியான வெற்றி இல்லை. சுவீடன் கப்பல்கள் கீல் கழிமுகத்தில் ஒதுங்கின. முற்றுகையிட்டிருந்த டேனியத் தலைவர் பேதர் கால்ட் அவற்றைத் தப்பவிட்டார். அக்குற்றத்துக்காக அவர் தலை கொய்யப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஃபேமார்ன் தீவருகே நிகழ்ந்த போரில் டேனியக் கடற்படை பேரழிவுற்றது. 1645-இல் பிரோம்செப்ரோ உடன்படிக்கையால் காட்லாந்து, ஓசல் தீவுகளையும் நார்வேயின் யாம்ட்லாந்து, ஹேர்யேடாலன் பகுதிகளையும் டென்மார்க் இழந்தது. நீல்ஸ் யூலின் வெற்றியோ ஐயத்துக்கிடமில்லாத வெற்றி. ஆயினும் 1679-இல் அமைதி ஏற்பட்டபொழுது, எந்த மாநிலங்களை மீட்கப் போர் தொடங்கப்பட்டதோ அவை மீளவில்லை. தோர்டன்ஷோல்டு கடலில் மடியவில்லை; முப்பது வயதே ஆன நிலையில், 1720-இல் செருமானிய மண்ணில், தனிப்பட்ட பூசலால் விளைந்த வாட்சண்டையில் மடிந்தார்.

கவிஞர் வரலாற்றாசிரியர் அல்லர். இவற்றையெல்லாம் சொல்லவேண்டிய கடமை அவருக்கில்லை என்று அன்பர்கள் கூறலாம். உண்மையே. ஆனால் ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வெண்ணிப் போரில் வென்ற கரிகால் வளவனை வெண்ணிக் குயத்தியார் பாடிய புறப்பாட்டை நாம் அறிவோம். காற்றை ஏவல்கொண்டு கடலில் கலம் செலுத்தியோரின் வழித்தோன்றல் என்று அவனைப் போற்றித் தொடங்கும் அப்புலவர், முதுகிற்பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரன் உன்னினும் நல்லன் அல்லனோ என்று வென்றவன் முகத்தெதிரே கேட்கிறார். வென்றவனின் கடல்வலிமையும் தோற்றவனின் பெருமையும் ஒரே பாட்டில் நிற்கின்றன. எவால்டின் முதல் மூன்று செய்யுட்களில் தோற்றவனுக்கு அச்சத்தைத் தவிர வேறெதுவும் இல்லை, முகமும் இல்லை. இதனை அப்பாடலின் குறை என்றே சொல்லவேண்டும். பாடல் இவ்வளவோடு முடிந்திருந்தால் நல்ல முழக்கம் என்று பாராட்டிவிட்டு நாம் அகன்றுவிடலாம்.

நான்காம் செய்யுள்

பாடல் அவ்வளவோடு முடியவில்லை. நான்காம் செய்யுளில் எல்லாமே மாறிவிடுகின்றன.

மன்னன் இல்லை, படைத்தலைவன் இல்லை, பகைவனும் இல்லை. முதல் மூன்று செய்யுட்களிலும் வீரரின் பெயர்கள் முழங்கின. நான்காவதில் மனிதப் பெயரே இல்லை. கவிஞர் கடலை நோக்கித் திரும்புகிறார். கருநிறக் கடலே என்று இருமுறை அதனை விளிக்கிறார். புகழுக்கும் வலிமைக்கும் டேனியர் சென்ற வழி நீயே என்கிறார். இடரை இகழ்ந்து எதிர்கொள்ளும் உன் நண்பனை ஏற்றுக்கொள் என்று வேண்டுகிறார். ஆரவாரத்தினூடேயும் போரினூடேயும் வெற்றியினூடேயும் என்னை என் கல்லறைக்கு இட்டுச் செல் என்று முடிக்கிறார்.

முதல் மூன்று செய்யுட்களில் 'அவன்' என்று இருந்தது இங்கே 'என்' என்று மாறுகிறது. பிறர் சாவைப் பாடிய வாய் தன் சாவைப் பாடுகிறது. மூன்று முறை ஓடுங்கள் என்னும் கூக்குரலைக் கேட்டோம். நான்காவதில் ஓடுவார் யாரும் இல்லை. ஒருவன் தானே முன்வந்து கடலின் கையில் தன்னை ஒப்படைக்கிறான். டேனிய மொழியில் கடலைக் குறிக்கும் சொல்லும் கல்லறையைக் குறிக்கும் சொல்லும் இயைபாக அமைவன. கடல் என்று இருமுறை ஒலித்த பின்னர், கடைசி அடியின் கடைசிச் சொல்லாகக் கல்லறை வந்து அதனோடு இயைகிறது. செவியே பொருளை உணர்ந்துகொள்கிறது. புகழ் வழியாக முதலில் தோன்றிய கடல், இறுதியில் கல்லறைக்கு வழியாகிறது, வழி ஒன்றே.

இதில் வரும் 'நான்' யார்? மன்னனல்லன், மன்னர்க்கு ரோஸ்கில்டே பேராலயத்தில் கல்லறைகள் உண்டு. கடலிடம் தன்னை ஒப்படைப்பவன் கலத்திற் பணிபுரியும் பெயரற்ற மாலுமி. அல்லது அந்நாடகத்தில் வரும் மீனவன். கவிஞரும் அவனே எனலாம். எவால்ட் தம் பதினாறாம் வயதளவில், தாம் காதலித்த ஆரென்சே என்னும் பெண்ணை மணப்பதற்குரிய பேரும் புகழும் ஈட்ட விரும்பி, வீட்டைவிட்டு ஓடி ஏழாண்டுப் போரில் சேர்ந்தவர். முதலில் பிரஷ்யக் கொடியின் கீழும் பின்னர் ஆஸ்திரியக் கொடியின் கீழும் பணிபுரிந்தவர். அவர் தாயகம் மீண்டபின் அப்பெண் வேறொருவரை மணந்தாள். பின்னாளில் நோயும் குடியும் வறுமையும் அவரை வாட்டின. இப்பாடல் மேடையேறிய மறு ஆண்டே, 1781 மார்ச்சில், முப்பத்தேழாம் வயதில் அவர் மறைந்தார். போரிற் புகழ் தேடிச் சென்று வெறுங்கையோடு மீண்டவர் எழுதியது முதல் மூன்று செய்யுட்கள். கல்லறையின் அருகே நின்றவர் எழுதியது நான்காம் செய்யுள் என்று கொள்ளத் தோன்றுகிறது.

இந்த நான்காம் செய்யுளை மனத்திற்கொண்டு பாடலை மீண்டும் தொடக்கத்திலிருந்து படித்தால் அதன் தலைவன் யார் என்பது விளங்கும். கிறிஸ்டியனைச் சூழ்ந்த புகையின் அடியிலும், யூல் செவிமடுத்த புயலின் அடியிலும், வெஸ்ஸல் ஒளிவிட்ட முகிலின் அடியிலும் இருந்தது கடலே. வீரர் வந்து போகின்றனர், கடல் நிற்கிறது.

காலம் தந்த தீர்ப்பு

பாடல் எழுந்த பின்னர் நிகழ்ந்தவை இக்கருத்தை உறுதிப்படுத்துகின்றன. எவால்டின் காலத்தில் டேனியக் கடற்படை வலிமை மிக்கதாக இருந்தது. அவர் மறைந்து இருபது ஆண்டுகளில், 1801 ஏப்ரல் 2 அன்று, கோபன்ஹேகன் துறைமுகத்தின் எதிரிலேயே நெல்சன் அப்படையை முறியடித்தார். 1807-இல் ஆங்கிலேயர் நகரத்தின்மேல் குண்டு மாரி பொழிந்து, டேனியக் கடற்படையையே கைப்பற்றிக் கொண்டுசென்றனர். 1814-இல் நார்வே பிரிந்தது; தோர்டன்ஷோல்டின் பிறந்த மண் டேனிய முடியிலிருந்து நீங்கியது. 1857-இல் ஓரசுண்டு நீரிணையைக் கடக்கும் கப்பல்களிடம் நூற்றாண்டுக் கணக்கில் தண்டிய சுங்கமும் நின்றது. 1864-இல் தெற்கு மாநிலங்களும் கைவிட்டுப் போயின.

புகழும் வலிமையும் போனபின்னர் அப்பாடல் மறைந்திருக்க வேண்டுமன்றோ? மறையவில்லை, மேலும் வேரூன்றியது. 1828-இல் ஹைபெர்க் எழுதிக் கூலாவ் இசையமைத்த 'எல்வர்ஹோய்' நாடகத்தின் முடிவில் இப்பாடல் ஒலித்து மக்கள் உள்ளத்தில் நிலைபெற்றது. கடற்படை போயிற்று, கடல் போகவில்லை. டென்மார்க்கில் எவ்விடத்தில் நின்றாலும் கடல் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும். மீன்பிடிப்போரும் மாலுமிகளும் நாள்தோறும் அக்கருநிறக் கடலுள் சென்றனர், சிலர் மீளவில்லை. வெற்றிப் பாடலாக மட்டும் இருந்திருந்தால் வெற்றியோடு இப்பாடலும் போயிருக்கும். தோல்வியிலும் பாடத்தக்க ஒரு செய்யுள் அதனிடம் இருந்தது.

வரலாறு செய்த வேடிக்கை ஒன்றையும் கூறவேண்டும். கிறிஸ்டியனின் போரும் யூலின் போரும் பழைய நாட்காட்டிப்படி சூலை முதல் நாளில் நிகழ்ந்தவை என்று கண்டோம். 2000-ஆம் ஆண்டு, அதே சூலை முதல் நாளன்று, டென்மார்க்கையும் சுவீடனையும் இணைக்கும் ஓரசுண்டுப் பாலம் திறந்துவைக்கப்பெற்றது. எவரைக் கண்டு எவர் ஓடினரோ அவ்விரு மக்களும் இன்று காலையில் வேலைக்குச் சென்று மாலையில் வீடு திரும்ப அப்பாலத்தைக் கடக்கின்றனர். முதல் மூன்று செய்யுட்களின் பகை முடிந்துவிட்டது. நான்காம் செய்யுளின் கடல் பாலத்தின் அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வழியின் மறுமுனை

புகழுக்கும் வலிமைக்கும் வழி என்று கவிஞர் பாடிய அக்கடல்வழிக்கு மறுமுனை ஒன்று உண்டு. அம்முனை நம் சோழமண்டலக் கரையில் இருந்தது என்பதைத் தமிழராகிய நாம் மறந்துவிடலாகாது. பாய்மரத்தருகே நின்ற அதே நான்காம் கிறிஸ்டியன்தான் 1616-இல் டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உரிமை வழங்கியவன். அவன் அனுப்பிய ஓவே யெத்தே 1618-இல் புறப்பட்டு வந்தார். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை ஏற்பட்டது. தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. 1706-இல் சீகன்பால்க் அக்கரையில் இறங்கினார். 1714-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே அச்சேறத் தொடங்கியது. 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கப்படும்வரை, இடையே ஆங்கிலேயர் வசமிருந்த சில ஆண்டுகள் நீங்கலாக, அங்கே டேனியக் கொடி பறந்தது. எவால்டின் நாடகம் கோபன்ஹேகனில் அரங்கேறிய நாளில் தரங்கம்பாடி டேனிய அரசரின் நேரடி ஆட்சியில் இருந்த ஊர்.

அவ்வழியில் வந்தோர் அனைவரும் புகழடையவில்லை. யெத்தேயின் கப்பல்களுக்கு முன்னோடியாக வந்த 'ஓரசுண்டு' என்னும் கப்பல் காரைக்காலருகே போர்த்துக்கீசியரால் அழிக்கப்பட்டது. தம் நாட்டு நீரிணையின் பெயரைத் தாங்கிய கலத்தில் வந்த மாலுமிகளுள் பெரும்பாலோர் நம் கடலில் மாண்டனர். அவர்கள் எந்தப் பாட்டிலும் இல்லை. நான்காம் செய்யுளில் மட்டும் இருக்கின்றனர். அதே கடல்வழியின் மேற்குக் கிளையில், அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்க மக்களை டேனியக் கப்பல்கள் கரிபியன் தீவுகளுக்குச் சுமந்து சென்றன. 1792-இல் பிறந்த ஆணை 1803-இல் நடைமுறைக்கு வந்தபின்னரே அவ்வாணிகம் சட்டத்தால் விலக்கப்பட்டது. அம்மக்களுக்கும் கடலே கல்லறையாயிற்று. ஆனால் அவர்கள் கேட்டுப் பெற்ற கல்லறையன்று. எவால்ட் இதனை நினைத்துப் பாடினார் என்று சொல்வதற்கில்லை. புகழின் வழியும் கல்லறையின் வழியும் ஒன்றே என்று அவர் கண்டது, அவர் கருதியதைவிடப் பெரிய உண்மையாக முடிந்தது என்று சொல்லலாம். நல்ல கவிதை பல வேளைகளில் தன்னை எழுதியவரைவிட அறிவுடையதாக இருக்கிறது.

முடிவாக

இப்பாடல் விழாக்களில் ஒலிக்கும்பொழுது பெரும்பாலும் முதற் செய்யுளோடு நிறுத்திவிடுகின்றனர். பாய்மரமும் வாளும் பகைவரின் ஓட்டமும் மட்டுமே செவியிற்படுகின்றன. கடலும் கல்லறையும் நூலிலே தங்கிவிடுகின்றன. இது டேனியரின் குறை மட்டுமன்று; நாட்டுப்பற்று எங்குமே முதற் செய்யுளில் நின்றுவிட விரும்புவது. அதுவே முழக்கத்துக்கு எளிது. நினைவிற் கொள்ளவும் எளிது. குழந்தைகள் கைகளை உயர்த்திப் பாடவும் எளிது.

தாய்மண்ணைவிட்டு வந்து, பிறமொழி பேசும் மாநிலத்தில் வாழ்ந்து, ஆண்டுதோறும் விடுதலை நாளிலும் குடியரசு நாளிலும் நம் பிள்ளைகளைச் சங்க மேடையேற்றி வீரப் பாடல்களைப் பாடவைக்கும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. வேறு மண்ணில் வாழ்வோர்க்குப் பற்று மிகும். மிகுந்த பற்று பெயர்களையும் வெற்றிகளையும் எண்ணிக் காட்டுவதிலேயே நிறைவடைந்துவிடக்கூடும். சோழர் கடற்படையைச் சொல்லிக் கொடுக்கும் நாம், அப்படையில் துடுப்பு வலித்தவர்களையும், அது சென்ற கரைகளில் அழிந்தவர்களையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முதற் செய்யுளைக் கற்பிக்க வேண்டாம் என்பதன்று கருத்து. அரசனும் இருக்கட்டும், வாளும் இருக்கட்டும். நான்காம் செய்யுளை விட்டுவிடாமல் கற்பிக்க வேண்டும் என்பதே கருத்து.

யோஹன்னஸ் எவால்டின் இப்பாடல் குறையற்றதன்று. அதன் மன்னனுக்குப் புண் இல்லை. அதன் பகைவருக்கு முகம் இல்லை. அதன் வெற்றிகளுள் முதலாவது வரலாற்றுக்கு முழுதும் பொருந்தவில்லை. ஆயினும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அது வாழ்கிறது. மூன்று செய்யுட்கள் வீரரைப் பாடி நாட்டைப் பெருமைப்படுத்தின. நான்காவது, பெயரற்ற ஒருவனைக் கடலின் எதிரே தனியே நிறுத்தி, தன் நாட்டுக்காகப் பிறர் உயிரைக் கேளாது தன் உயிரையே தரச் சொன்னது. அதுவே இப்பாடலைக் கவிதையாக்கியது.